மின்சாரக் கார் இனி எவ்வளவு வேகமாக முன்னேறும்?

மின்சாரக் கார் வாங்க நினைக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: இப்போதே வாங்கிவிடலாமா, இன்னும் இரண்டு மூன்று வருஷம் பொறுத்தால் இதைவிட நல்லது வருமா? கைபேசி வாங்கிப் பழகிய மனம் இப்படிக் கேட்பது இயல்பே. ஐந்து நிமிடத்தில் சார்ஜ், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம், புதுவகை பேட்டரி என்று செய்திகள் ஓயாமல் வருகின்றன. இவற்றில் எது நம் வாசலுக்கு வரும், எது செய்தியாகவே முடிந்துபோகும் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நம் சந்தையிலேயே நடந்த ஒன்றைப் பார்க்கலாம். 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 13.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வந்தது. அதில் இருந்தது 30.2 யூனிட் பேட்டரி. (மின்கட்டணச் சீட்டில் யூனிட் என்று வருவதும் பொறியாளர்கள் கிலோவாட் மணி என்பதும் ஒன்றேதான், இந்தக் கட்டுரை முழுக்க யூனிட் என்றே எழுதுகிறேன்.) சோதனைச் சான்றின்படி ஒரு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் அதே பெயரில் 45 யூனிட் பேட்டரியோடு வந்த வண்டிக்கும் தொடக்க விலை 13.99 லட்சம்தான். சான்றளித்த தூரம் 489 கிலோமீட்டர். சாலையில் இரண்டுமே சான்றில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் ஓடும். ஆனாலும் ஐந்தாண்டுக்குள், மற்றெல்லாம் விலை ஏறிய காலத்தில், அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு பேட்டரி கிடைத்திருக்கிறது. இதற்காக எந்த மாயக் கண்டுபிடிப்பும் அறிவிக்கப்படவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். முன்னேற்றம் என்று ஒரே சொல்லால் குறித்தாலும் அதற்குள் வெவ்வேறு வேகங்கள் இருக்கின்றன. விலை ஒரு வேகத்தில் இறங்குகிறது. எடை வேறு வேகத்தில், மிக மெதுவாகக் குறைகிறது. சார்ஜ் ஆகும் நேரம் சில வருஷம் அசையாமல் கிடந்து திடீரென்று தாவுகிறது. ஒன்றின் வேகத்தை இன்னொன்றின் தலையில் ஏற்றிப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. வரும் பத்தாண்டின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி ஆய்வகத்தில் பிறக்கப்போகும் புதுப் பொருளிலிருந்து வராது, தொழிற்சாலைத் தரையிலிருந்தே வரும் என்று நம்புகிறேன்.

விலை இறங்கிய வழி

லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சோனி நிறுவனம், 1991-இல். அன்றிலிருந்து ஏறத்தாழ முப்பதாண்டுகளில் அந்த பேட்டரியின் அடிப்படை அலகான செல்லின் விலை 97 சதவீதம் இறங்கிவிட்டது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கா ஜீக்லரும் ஜெசிகா டிரான்சிக்கும் 2021-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பல செல்களைச் சேர்த்துச் செய்த பேட்டரியின் விலைக்கு, புளூம்பெர்க் என்.இ.எஃப். என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இருக்கிறது. முழுத் தொகுப்பாக ஒரு யூனிட் பேட்டரியின் சராசரி விலை 2010-இல் 1,000 டாலருக்கு மேல், 2020-இல் 137 டாலர், 2024-இல் 115, 2025-இல் 108. மேலே சொன்ன 45 யூனிட் பேட்டரியை 2010 விலைக்கு வாங்கியிருந்தால் பேட்டரிக்கே 45,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். 2025 விலையில் அது ஐயாயிரம் டாலரை ஒட்டி நிற்கிறது.

இந்த இறக்கத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. தியடோர் ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் 1936-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒரு பொருளை இதுவரை செய்த மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அதைச் செய்யும் செலவு ஒரே விகிதத்தில் குறைகிறது என்பது அது. லித்தியம் செல்லுக்கு அந்த விகிதம் சுமார் 20 சதவீதம். ஆண்டுகள் கழிவதால் விலை குறைவதில்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. செய்யச் செய்யக் கைப்பழக்கம் கூடுகிறது, அதனால் குறைகிறது.

செல் தொழிற்சாலைக்குள் அந்தக் கைப்பழக்கம் எங்கே கூடுகிறது? மெல்லிய செம்புத் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் மாவுபோன்ற கலவையைப் பூசி, நீண்ட அடுப்புகளில் உலர்த்தி, உருளையில் அழுத்தி, வெட்டி, சுருட்டியோ அடுக்கியோ செல் ஆக்குகிறார்கள். பூச்சு இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது, பூச்சின் கனம் எவ்வளவு சீராக இருக்கிறது, நூறு செல்லில் எத்தனை கழிகிறது என்பதில்தான் காசு இருக்கிறது. செய்து முடித்த செல்லை முதன்முறை மெதுவாக ஏற்றி இறக்கி, நாள் கணக்கில் வைத்துக் கவனித்துத்தான் வெளியே விடுகிறார்கள். இந்தக் காத்திருப்பில் சில மணி நேரம் குறைத்தாலும் பெரிய தொழிற்சாலையில் அது கோடிகளாகிறது. இப்படிப்பட்ட நூறு சின்ன மிச்சங்கள் சேர்ந்ததுதான் மேலே பார்த்த விலை இறக்கம்.

இறக்கம் தடையில்லாமல் நடந்ததென்றும் சொல்ல முடியாது. 2022-இல் விலை ஏறியது. சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் ஒரு டன் 6 லட்சம் யுவானை நெருங்கியது. ஓராண்டு கழித்து ஒரு லட்சத்துக்குப் பக்கம் விழுந்தது. தொழிற்சாலைச் செலவு குறையக் குறைய, மொத்த விலையில் மூலப்பொருளின் பங்கு பெரிதாகிறது. மூலப்பொருள் விலை சுரங்கத்தையும் சந்தையையும் பொறுத்தது. கைப்பழக்கத்துக்கு அது முழுக்கக் கட்டுப்படாது. ஆகவே இந்த விலைக் கோட்டை அப்படியே நீட்டிப் பார்ப்பது தவறு.

முன்பு சொல்லப்பட்ட ஆரூடங்கள் என்னவாயின என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2012-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, 2022-க்குள் ஒரு யூனிட் 125 டாலருக்கு இறங்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அன்றைய விலையைப் பார்த்தவர்களுக்கு அது எட்டாத உயரமாகத் தெரிந்திருக்கும். உலகச் சராசரி விலை ஓரிரு ஆண்டு தாமதமாக அந்த இலக்கைக் கடந்துவிட்டது. மாறாக, 2020 செப்டம்பரில் டெஸ்லா நிறுவனம் தன் செல் செலவு 56 சதவீதம் குறையும், மூன்றாண்டில் 25,000 டாலர் கார் வரும் என்று அறிவித்தது. மூன்றாண்டு கழிந்தும் அந்தக் கார் வரவில்லை. உலகம் முழுக்கச் செய்யும் ஆலைகள் அனைத்தும் சேர்ந்து போகும் வேகத்தை ஓரளவு கணிக்க முடிகிறது. ஒரு நிறுவனம் ஒரு தேதி குறித்துத் தரும் வாக்கைக் கணிக்க முடிவதில்லை.

எடை குறைய மறுக்கிறது

விலைக்கு நேர்மாறாக நடப்பது எடை. 1991-இன் சோனி செல், ஒரு கிலோவுக்குச் சுமார் 80 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்) மின்சாரத்தைத் தாங்கியது. இன்று காரில் வரும் நல்ல நிக்கல் வகைச் செல் 250 முதல் 300 வரை தாங்குகிறது. முப்பதாண்டில் மூன்றரை மடங்கு என்றால் ஆண்டுக்கு 4 சதவீதம் சொச்சம். ஒரு கிலோ பெட்ரோலில் இருப்பதோ ஏறத்தாழ 12,000 வாட் மணி. பெட்ரோல் என்ஜின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது, மின் மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குத் தருகிறது. அதனால்தான் மின்சாரக் கார் ஓட முடிகிறது. இடைவெளி மட்டும் இன்னும் பெரிதாகவே இருக்கிறது.

ஏன் இத்தனை மெதுவாக? கணினிச் சில்லில் ஒரே பரப்பில் மேலும் மேலும் சிறிய சுற்றுகளைச் செதுக்கிக்கொண்டே போக முடிந்தது. பேட்டரியில் மின்சாரத்தைச் சுமப்பது லித்தியம் அயனி. அயனியைச் சின்னதாக்க முடியாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்கும் முனையான எதிர்மின்வாயில், ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில்தான் கிராஃபைட் என்ற கரி இடம் கொடுக்கும். அந்த எல்லையை இன்றைய செல்கள் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டன. சிலிக்கான் போட்டால் எடைக்கு எடை பத்து மடங்கு இடம் கிடைக்கும். ஆனால் லித்தியம் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் ஊதும், இறங்கும்போது சுருங்கும், சில நூறு முறைக்குள் நொறுங்கத் தொடங்கும். எனவே கிராஃபைட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிலிக்கானைக் கலந்து வருகிறார்கள். இதில் ஒவ்வொரு சதவீதத்தைக் கூட்டுவதும் வருடக்கணக்கான சோதனையைக் கேட்கிற வேலை. பத்து வருஷம் உழைக்க வேண்டிய பொருளைப் பத்து மாதத்தில் சோதித்துவிட முடியாது.

திட நிலை பேட்டரியின் வரலாறு இதற்குச் சாட்சி. செல்லுக்குள் இருக்கும் எளிதில் தீப்பற்றும் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருள் ஒன்றை வைத்தால், சுத்த லித்தியத்தையே எதிர்மின்வாயாக வைக்கலாம், எடை பாதியாகும் என்பது நம்பிக்கை. 2017-இல் டொயோட்டா 2020-களின் தொடக்கத்தில் இதைக் கொண்டுவருவதாகச் சொன்னது. 2023-இல் அதே நிறுவனம் 2027, 2028 என்று சொன்னது. 1,200 கிலோமீட்டர் ஓட்டமும் பத்து நிமிட சார்ஜும் என்று சேர்த்துச் சொன்னது. தூசு உறிஞ்சும் கருவி செய்து புகழ்பெற்ற பிரிட்டனின் டைசன் நிறுவனம், திட நிலை ஆய்வு செய்த சக்தி3 என்ற மிச்சிகன் நிறுவனத்தை 2015-இல் 9 கோடி டாலருக்கு வாங்கி, சொந்தமாகக் காரும் செய்யப் புறப்பட்டு, 2019 அக்டோபரில் கார்த் திட்டத்தையே கைவிட்டது.

இவர்கள் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாணய அளவுச் செல்லில் வேலை செய்வதை லட்சக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது வேறொரு துறை. கந்தகம் கலந்த திடப்பொருள் காற்றின் ஈரம் பட்டாலே நச்சுவாயுவை விடும். ஆலை முழுவதையும் பாலைவனத்தைவிட வறண்ட காற்றில் வைக்க வேண்டும். திடமும் திடமும் தொடும் இடத்தில் ஊதலும் சுருங்கலும் நடக்கும்போது விரிசல் விழும். விலகாமல் இருக்கப் பெரும் அழுத்தத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இவை தீராத சிக்கல்கள் அல்ல. தீரும்போது முதலில் விலையுயர்ந்த கார்களில், சிறிய எண்ணிக்கையில்தான் வரும். அங்கிருந்து பதினைந்து லட்ச ரூபாய்க் காருக்கு இறங்க மேலும் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்காக இன்று ஒருவர் காத்திருப்பதில் பொருளில்லை.

ஒதுக்கப்பட்ட இரும்பு

பேட்டரி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடெனஃபும் அவரோடு பணிபுரிந்த ஆறுமுகம் மந்திரமும், சல்பேட் போன்ற தொகுதிகளோடு இரும்பைச் சேர்த்தால் மின்னழுத்தம் கூடுகிறது என்று காட்டினார்கள். மந்திரம் மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019-இல் குடெனஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் பரிசுப் பேருரை ஆற்றியவர் மந்திரம்தான். அந்த வழியில் தொடர்ந்த குடெனஃபின் குழு 1997-இல், எதிர்மின்வாய்க்கு மறுமுனையான நேர்மின்வாயை இரும்பு பாஸ்பேட்டில் செய்து அறிவித்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அக்ஷய பாதி என்ற இந்தியர்.

இரும்பு மலிவு, பாஸ்பேட் மலிவு, தீப்பற்றும் அபாயமும் குறைவு. ஆனால் மின்சாரத்தை மோசமாகக் கடத்தும், நிக்கல் வகையைவிட எடை கூடுதல். கரிப் பூச்சுக் கொடுத்துக் கடத்துதிறனைச் சரிசெய்தார்கள். எடையைச் சரிசெய்ய முடியவில்லை. இதை நம்பி அமெரிக்காவில் வளர்ந்த ஏ123 நிறுவனம் 2012-இல் திவாலாகி, சீனாவின் வான்ஷியாங் கைக்குப் போனது. நீண்ட தூரக் காருக்கு இது உதவாது என்பதே அன்று மேற்கில் பரவலான கருத்து.

சீன நிறுவனங்கள் வேறு பக்கமிருந்து வந்தன. செல்களைச் சிறு பெட்டிகளில் அடைத்து, அந்தப் பெட்டிகளைப் பெரிய பெட்டியில் அடைப்பதுதான் வழக்கம். நடுவில் உள்ள பெட்டிகளை நீக்கிவிட்டால் அந்த இடத்திலும் செல் வைக்கலாம். இரும்பு பாஸ்பேட் எளிதில் தீப்பற்றாது என்பதால் அதில்தான் இப்படித் துணிந்து நெருக்க முடிந்தது. 2020-இல் பி.ஒய்.டி. வெளியிட்ட பிளேட் பேட்டரியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பட்டைச் செல்களே தாங்கும் சட்டமாகவும் நிற்கின்றன. அதே ஆண்டு ஷாங்காயில் செய்த டெஸ்லா மாடல் 3-இல் இரும்பு பாஸ்பேட் ஏறியது. 2024-இல் உலக மின்வாகன பேட்டரிகளில் ஏறத்தாழ பாதி இந்த வகை, சீனாவில் முக்கால்வாசி. ஆய்வுக் கட்டுரைக்கும் இந்த வெற்றிக்கும் இடையே கால் நூற்றாண்டு. இத்தனைக்கும் செல்லின் வேதியியல் அடிப்படையில் மாறவில்லை. மாறியது அதை அடுக்கிய விதம். முன்னேற்றம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அன்று கணித்தவர்களில் பெரும்பாலோர் திசையையே தவறாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோடியம் பேட்டரியையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் இதை 2021-இல் முதலில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் கிலோவுக்கு 175 வாட் மணி தாங்கும் சோடியம் செல்லைக் காட்டியது. இது இரும்பு பாஸ்பேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உப்பில் கிடைக்கும் சோடியத்துக்குத் தட்டுப்பாடு வராது. லித்தியம் விலை மறுபடி ஏறினால் அதைப் பிடித்து நிறுத்த ஒரு மாற்று உண்டு என்பதே இதன் பெரிய பயன்.

ஐந்து நிமிட சார்ஜ்

கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் உண்மையாகவே தாவிய துறை இது. 2010-இல் வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரி 24 யூனிட். 50 கிலோவாட் வேகச் சார்ஜரில் எண்பது சதவீதம் நிரம்ப அரைமணி நேரம். 2019-இன் போர்ஷே டைகான் 800 வோல்ட் முறையில் 270 கிலோவாட் வாங்கியது. 2025 மார்ச்சில் பி.ஒய்.டி. 1,000 வோல்ட், 1,000 ஆம்பியர், அதாவது ஒரு மெகாவாட் சார்ஜரைக் காட்டி, ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்றது.

சார்ஜ் ஏன் நேரம் பிடிக்கிறது? லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து கிளம்பி கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். நுழையும் வேகத்துக்கு மேல் அனுப்பினால், உள்ளே போக முடியாமல் பேருந்துப் படியில் தொங்கும் கூட்டத்தைப்போல லித்தியம் வெளிப்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்தது திரும்ப வேலைக்கு வராது, கொள்ளளவு குறையும், ஊசிபோல் வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் தீயும் பற்றலாம். கிராஃபைட் துகளைச் சிறியதாக்கி, நுழைவழியைப் பெருக்கி, திரவத்தை மாற்றி, செல்லைச் சார்ஜுக்கு முன் சூடாக்கி இந்த எல்லையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கம்பி சூடாவதைக் குறைக்க வழி உயர் வோல்ட்: அதே திறனுக்கு வோல்ட்டை இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் வெப்பம் கால்வாசியாகும்.

வண்டிக்குள் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. மிச்சம் வெளியே இருக்கிறது. ஐந்து கிலோவாட் அனுமதி பெற்ற இருநூறு வீடுகள் ஒரே நேரத்தில் முழுச் சுமையையும் இழுப்பதும் ஒரு மெகாவாட் சார்ஜரில் ஒரு கார் நிற்பதும் மின்கட்டமைப்புக்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட சார்ஜர் பக்கத்தில் பெரிய பேட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சேர்த்து, வேகமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் இது வரும். ஆனால் மின்மாற்றி போடும் வேலை பேட்டரி ஆலையின் வேகத்தில் நடக்காது.

மோட்டாரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது பங்கை ஏற்கெனவே சக்கரத்துக்குத் தரும் கருவியில் இனிச் சேர்க்க அதிகமில்லை. வண்டியின் உடலமைப்பில் இடமுண்டு. 2022-இல் மெர்சிடிஸ் செய்த ஈ.க்யூ.எக்ஸ்.எக்ஸ். என்ற மாதிரி வண்டி, காற்றைக் கிழிக்கும் வடிவத்தாலும் குறைந்த எடையாலும் நூறு யூனிட்டுக்கும் குறைவான பேட்டரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சந்தையோ உயரமான, கனமான எஸ்.யூ.வி. பக்கம் போகிறது. பேட்டரியில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கை இந்த உயரம் தின்றுவிடுகிறது என்பது எனக்கு வருத்தமான செய்தி.

வெயிலும் ஆயுளும்

வெயிலில் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதுதான் நம் ஊருக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2012-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் நிசான் லீஃப் வைத்திருந்தவர்கள், ஒன்றிரண்டு வருஷத்திலேயே ஓடும் தூரம் சுருங்குவதாகப் புகார் எழுப்பினார்கள். அந்த வண்டியின் பேட்டரியில் திரவக் குளிரூட்டல் இல்லை. பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வேதிவினைகள் வெப்பம் கூடக் கூட வேகமெடுக்கும். கனடாவின் ஜியோடாப் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 2015 லீஃப் ஆண்டுக்கு 4.2 சதவீதம் கொள்ளளவை இழந்தது. திரவக் குளிரூட்டல் உள்ள 2015 டெஸ்லா மாடல் எஸ் 2.3 சதவீதம் இழந்தது. இன்று நம் நாட்டில் விற்கும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் திரவக் குளிரூட்டல் இருக்கிறது. டாடா 2025-இல் சில வண்டிகளின் பேட்டரிக்குப் பதினைந்தாண்டு உத்தரவாதம் தரத் தொடங்கியது. 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. ஆயுளில் நடந்திருக்கும் இந்த முன்னேற்றம் செய்திகளில் அதிகம் வருவதில்லை. வாங்குகிறவருக்கு ஐந்து நிமிட சார்ஜைவிட இதுவே முக்கியம்.

வேகமான முன்னேற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. புதியது மலிவாக வரும்போது பழையதன் மறுவிற்பனை மதிப்பு சரிகிறது. 2023 ஜனவரியில் டெஸ்லா விலையைக் குறைத்தபோது முந்தைய மாதம் வாங்கியவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் வாடகை நிறுவனம் மதிப்பிழப்பையும் பழுதுச் செலவையும் காரணம் காட்டி 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக அறிவித்தது.

வேகம் எங்கே குறையும்

2024-இல் உலகில் 1.7 கோடிக்கு மேல் மின்சாரக் கார்கள் விற்றன. விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். உலகின் மொத்தக் கார்ச் சந்தையே எட்டுக் கோடியை ஒட்டித்தான். அதாவது ஆண்டு விற்பனை இனி நான்கைந்து மடங்குக்கு மேல் கூட இடமில்லை. ரைட்டின் விதிப்படி மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும்தான் விலை குறையும். தொடக்கத்தில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த இரட்டிப்பு இனி மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் எடுக்கும். மின்கட்டமைப்பில் சேமிப்புக்காக வாங்கப்படும் பேட்டரிகள் இந்தத் தளர்ச்சியைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனாலும் கடந்த பதினைந்தாண்டில் கண்ட விலைச்சரிவு அடுத்த பதினைந்தாண்டில் அப்படியே திரும்ப நடக்காது.

அரசியலும் குறுக்கே நிற்கிறது. உலகின் செல்களில் முக்கால்வாசிக்கு மேல் சீனாவில் செய்யப்படுகின்றன. 2025 ஏப்ரலில் மோட்டார் காந்தத்துக்கு வேண்டிய அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கும், ஜூலையில் இரும்பு பாஸ்பேட் நேர்மின்வாய் செய்யும் தொழில்நுட்பத்தின் ஏற்றுமதிக்கும் சீனா கட்டுப்பாடு போட்டது. ஐரோப்பா தன் சொந்த ஆலைக்காக நம்பியிருந்த சுவீடனின் நார்த்வோல்ட், தரமான செல்களைப் போதிய அளவில் செய்ய முடியாமல் 2025 மார்ச்சில் திவாலானது. பணம் இருந்தது, வாங்குவோர் இருந்தார்கள், கைப்பழக்கம் இல்லை.

இந்தியா இதை ஊன்றிப் பார்க்க வேண்டும். 2021-இல் செல் உற்பத்திக்காக 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இலக்கு ஆண்டுக்கு 5 கோடி யூனிட் கொள்ளளவு. நடந்தது அதில் மிகச் சிறு பங்கு. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் மின்சாரக் கார் செய்கிறது. மஹிந்திராவின் ஆய்வு மையம் செங்கல்பட்டு அருகே இருக்கிறது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அறிவும் இருக்கிறது, வண்டிகளும் இருக்கின்றன. நடுவில் இருக்க வேண்டிய செல் ஆலைகள் மட்டும் இன்னும் வேரூன்றவில்லை. கார் விலையில் கணிசமான பங்கு செல் என்பதால், உலகம் முன்னேறும் வேகம் நமக்கு முழுமையாக வந்துசேராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பத்தாண்டில் எடைக்கான கொள்ளளவு பழைய வேகத்திலேயே போய் இன்றைப்போல் ஒன்றரை மடங்கை எட்டலாம். பேட்டரி விலை பாதியாகாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்காவது குறையும். பதினைந்து நிமிட சார்ஜ் நடுத்தர விலைக் காரிலும் வந்துவிடும். பதினைந்தாண்டு ஆயுள் விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகும். திட நிலை பேட்டரி வரும். நம்மில் பெரும்பாலோர் அடுத்து வாங்கும் காரில் அது இருக்காது.

அப்படியானால் பொறுக்கலாமா? தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர், வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட வசதியுள்ளவர், எட்டுப் பத்து வருஷம் அதே வண்டியை வைத்திருக்கப் போகிறவர் பொறுப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வண்டி மாற்றும் வழக்கமுள்ளவருக்கு மறுவிற்பனையில் அடி விழும். அவர் பொறுப்பதே நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் காத்திருப்பது பேட்டரிக்காக அல்ல, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மின்முனைக்காக. வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-லேயே சேர்த்துவிட்டன. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள். பழைய மின்சாரக் கார் வாங்கினால் பேட்டரியில் மிச்சமுள்ள கொள்ளளவை எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்சாரக் கார் பேட்டரிக்கும் இத்தகைய விவரங்கள் அடங்கிய மின்னணுக் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்திய அரசும் அதே விதியைத் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும்.